நாலாவது சுரம்

எங்கள் வீட்டுக்குப் பேன்ஜோ வந்ததும் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் போர்வை போர்த்தியதும் ஒரே வருடத்தில்தான். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும் வீடு எப்படி இருக்கும் என்று கண்டிப் பக்கத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவு வீட்டில்கூட நாலு பேர் வாய்விட்டு அழலாம். பரீட்சை வீட்டில் கரண்டி கீழே விழக்கூடாது. அம்மா வயரைக் கழற்றி, பெட்டிக்குப் பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, அதற்கு மேல் ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியையும் வைத்துவிட்டாள். அப்பா துணிக்கடையை மூடிவிட்டு வந்து, கதிரையில் உட்கார்ந்து பேப்பரைத் திருப்புவார். வீட்டில் கேட்கிற ஒரே சத்தம் அதுதான். அதற்கும் அம்மா குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பாள்.

அப்படிப்பட்ட வீட்டுக்குள்தான் மாமா பேன்ஜோவைத் தூக்கிக்கொண்டு வந்தார். அம்மாவின் தம்பி. குளத்தருகே ஒரு ஹோட்டலில், பூப்போட்ட சட்டை மாட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்கள் சாப்பிடுகிற மேசைக்கு மேசை போய்ப் பாடுகிற குழுவில் இருந்தார். எங்கள் குடும்பத்தில் கடையும் வைக்காமல் கந்தோர் வேலைக்கும் போகாமல் இருந்த ஒரே ஆம்பிளை அவர்தான். ஆகவே அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் ஒரு பெருமூச்சோடு தொடங்கும். அந்தக் குழுவுக்குக் கரையோரத்து ஹோட்டல் ஒன்றில் நீண்டகால வேலை கிடைத்திருந்தது. மாமா புதுப் பேன்ஜோ வாங்கிவிட்டார். பழையதைக் குப்பையில் போட மனமில்லை. வேண்டாம் என்று சொல்லத் தெரியாத ஒருத்தியை, என்னை, தேடி வந்தார்.

பேன்ஜோவைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். ரபான் என்கிற வட்டமான தோல் மேளத்துக்கு நீளமான கழுத்தும் நாலு கம்பியும் வைத்தால் எப்படியோ அப்படி. தோளில் மாட்டினால் எனக்கு முழங்கால் வரை வந்தது. மாமா என் விரல்களைப் பிடித்து, டோ ரே மீ என்று ஒருமுறை ஏறி, ஒருமுறை இறங்கிக் காட்டினார். நான் பாட்டு கேட்டேன்.

"பாட்டெல்லாம் பின்னாடி, மருமகளே. மொதல்ல இந்தப் படியில வழுக்காம ஏறு, எறங்கு. அது வந்திருச்சுன்னா எங்க குரூப்போட ஒன்னயும் நிப்பாட்டுறேன்."

சொல்லிவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அம்மா ஊற்றி வைத்த தேத்தண்ணி அப்போதும் சூடாகவே இருந்தது. என் சங்கீதக் கல்வி அவ்வளவுதான்.

படி என்றார் மாமா. அந்தப் படியில் நாலாவது உடைந்திருந்தது. முதல் சுரத்துக்குக் கம்பியைச் சும்மா விட்டால் போதும். இரண்டாவதும் மூன்றாவதும் விரலுக்கு வந்துவிடும். நாலாவது சுண்டுவிரலுக்கு உரியது. என் சுண்டுவிரலோ அதை எட்டிப் பார்க்குமே தவிர எட்டிப் பிடிக்காது. கம்பியை அரைகுறையாக அமத்தினால் 'ட்ஸ்ஸ்' என்று சத்தம் வரும், ஈரத் தோசைக்கல்லில் எண்ணெய் விட்ட மாதிரி. ஐந்தாவது அடுத்த கம்பியில், விரலே வேண்டாம். ஆக எட்டுப் படியில் ஒன்றுதான் சனியன். ஆனால் ஏறும்போதும் அதுதான் வழி, இறங்கும்போதும் அதுதான் வழி. விரல் நுனிகள் வேறு கோடு கோடாக வெட்டுப்பட்டு எரிந்தன. எனக்குப் பேன்ஜோவைப் பிடித்திருந்தது. ஸ்கேலைக் கண்ணிலும் காட்டக்கூடாது என்றிருந்தது.

வீட்டில் யாருக்கும் இரண்டும் பிடிக்கவில்லை. எங்கள் வீடு மலைச்சரிவில். எங்கள் முற்றத்துக்கு நேரே கீழ் வீட்டின் கூரை. அங்கே இருந்த சிங்களப் பெரியவர், எங்களுக்கு 'மாத்தயா', நான் முதல் சுரத்தைத் தொட்டதுமே ஜன்னலைப் படார் என்று சாத்துவார். தண்ணீர்த் தாங்கியில் குந்தியிருக்கும் குரங்குகள் மட்டும் போகாமல் இருந்து பார்த்தன. வாரம் முடிவதற்குள் அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். பரீட்சை முடியும்வரை பேன்ஜோ அலுமாரிக்கு மேலே. பரீட்சைக்குப் பிறகு அதை யாருக்காவது கொடுத்துவிடலாம்.

நான் அழத் தயாராகிக்கொண்டிருந்தபோதுதான் அத்தை வாயைத் திறந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தாள். பேராதனை ஆஸ்பத்திரியில் கிளார்க். குக்கர் விசிலடித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிற ஆள். அவள் எனக்காகப் பேசுவாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

"அண்ணி, மியூசிக் படிக்கிற பிள்ளைகளுக்குக் கணக்கு நல்லா வருமாம். மூளைக்கு நல்லதுன்னு எங்க ஆஸ்பத்திரியில டொக்டர்மாரே சொல்றாங்க."

அத்தை ஆஸ்பத்திரியில் எழுதுவது நோயாளிகளின் பெயரைத்தான். ஆனாலும் எங்கள் வீட்டில் தலைவலி முதல் மூளை வரை அவள் சொன்னால் சரி. அம்மா யோசித்தாள். அத்தை அந்த யோசனைக்குள் இன்னும் ஒரு ஆணி அடித்தாள்.

"பாட்டு வேணாம் அண்ணி. பாட்டுன்னா மனசு ஆட்டம் போடும். ஸ்கேல் மட்டும் வாசிக்கட்டும். நான் வேலை முடிஞ்சு வந்தப்புறம், பின் அறையில."

இப்படியாக, பேன்ஜோ தப்பியது, பாட்டு தப்பவில்லை. அத்தையின் பேராதனை பஸ் வந்து, அவள் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்ததும் என் கச்சேரி தொடங்கும். பின் அறை என்பது அரிசி மூட்டையும் உடைந்த தையல் மெசினும் இருந்த அறை. அதன் ஒரு பக்கம் ஹால். மறுபக்கம் ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடுகிற பின் படிக்கட்டு. நான் வாசிக்கத் தொடங்கியதும் அத்தை துணி எடுக்கப் போவாள். எங்கள் வீட்டில் கைத்தொலைபேசிக்கு சிக்னல் கிடைப்பது அந்தப் படிக்கட்டில் மட்டும்தான் என்பதை நான் ஏனோ அப்போது சேர்த்து யோசிக்கவில்லை. மழை பெய்தாலும் அத்தை குடையோடு துணி எடுக்கப் போனாள் என்பதையும்தான்.

அத்தை வைத்தது ஒரே ஒரு சட்டம். நிறுத்தக்கூடாது. நாலாவது வழுக்கியதும் நான் அலுத்துப்போய்க் கையை எடுத்தால், ஜன்னலில் அவள் முகம் வந்துவிடும். "ஏன்டி நிப்பாட்டுன? வாசி, வாசி. நல்லா இருக்கு." இவ்வளவு ஆவலாக என்னை இதுவரை யாரும் கேட்டதில்லை. சில நாள் வெளியே அவள் தனியாகச் சிரிப்பதும் காதில் விழும். என் வாசிப்பு ஒரு மனுஷியை அப்படிச் சந்தோஷப்படுத்துகிறதே என்று எனக்குப் புல்லரித்தது. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். எனக்கு என் 'ட்ஸ்ஸ்' கூடப் பொன்னாகத் தெரியத் தொடங்கியது.

ஆனால் நிறுத்தாமல் வாசிப்பது என்றால் விளையாட்டல்ல. ஒரே எட்டுச் சுரத்தை எத்தனை நேரம்தான் ஏறி இறங்குவது? அலுப்பில் நான் வித்தைகள் காட்ட ஆரம்பித்தேன். முதலில், ஹந்தானை மலைக்கு ஏறுகிற பஸ் மாதிரி வாசித்தேன். முதல் கியரில் முக்கி முனகி ஏறி, மேலே கொஞ்சம் நின்று, பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குவது. பிறகு, எல்லாச் சுரத்தையும் இரண்டிரண்டு தரம். பிறகு, ஒன்று பலமாக, ஒன்று மெதுவாக, நொண்டி நடப்பது மாதிரி. பிறகு இரண்டு படி ஏறி ஒரு படி இறங்கி, மறுபடி இரண்டு படி ஏறி. மழை வந்தால் மழையோடு போட்டி. கீழ் வீட்டு மாத்தயா ஜன்னல் சாத்துகிற சத்தத்தை என் முதல் தாளமாக வைத்துக்கொண்டு அதிலிருந்து தொடங்குவேன். அதே எட்டுச் சுரம்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் வேறு வீட்டுப் படிக்கட்டில் ஓடித் திரிகிற மாதிரி இருந்தது. விரல் நுனி தடித்து, எரிச்சல் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் பின்னக் கணக்குச் செய்யும்போதும் இடதுகை விரல்கள் மேசைக்கு அடியில் தாமாக ஏறி இறங்கின. எப்போது சாயங்காலம் வரும் என்று காத்திருக்கத் தொடங்கியிருந்தேன். இது எந்த நாளில் தொடங்கியது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பசி வந்த நேரத்தை யாராவது குறித்து வைப்பார்களா?

நாலாவது சுரம் மட்டும் வழிக்கு வரவில்லை.

அது வந்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. மழை விட்டிருந்தது. கூரை சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே அத்தையின் சிரிப்பு அன்று கேட்கவில்லை. எனக்குச் சுண்டுவிரலோடு சண்டை போட்டுப் போட்டு அலுத்துவிட்டது. எட்டாத மாங்காய்க்குக் கையை நீட்டிக்கொண்டே இருக்காமல் ஒரு அடி முன்னால் வைத்தால் என்ன என்று தோன்றியது. விரலை நீட்டாமல் கையையே மேலே நகர்த்தினேன். நாலாவது வந்தது. 'ட்ஸ்ஸ்' இல்லை. மணி அடித்த மாதிரி, உருண்டையாக, சுத்தமாக வந்தது. நம்ப முடியாமல் மறுபடி ஏறினேன். மறுபடியும் வந்தது. இறங்கும்போதும் வந்தது. நான் சிரித்துக்கொண்டே மேலும் கீழும் ஓடினேன். அந்த அறையில் அரிசி மூட்டையும் நானும்தான் இருந்தோம், ஆனால் எனக்கு ராஜாங்கம் கிடைத்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் அத்தை உள்ளே வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, முகமோ சிரித்தது. என் சுண்டுவிரலைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். எனக்கு ஒரு ஆச்சரியமும் இல்லை. அப்படி ஒரு நாலாவதுக்கு யாருக்கும் கண் கலங்கத்தானே செய்யும்?

ஆனி மாதக் கடைசியில், ஆடி பிறப்பதற்குள் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று, அத்தையைப் பெண் பார்க்க மாத்தளையிலிருந்து வந்தார்கள். நகைக்கடைக்காரர்கள். மாப்பிள்ளை, அவருடைய பெற்றோர், ஒரு அக்கா. அம்மா அன்று பேன்ஜோவுக்குத் தடை போட்டிருந்தாள். ஆனால் அவர்கள் வந்து உட்கார்ந்த சிறிது நேரத்தில், பட்டுச்சேலை கட்டியிருந்த அத்தை என் கையைப் பிடித்துப் பின் அறைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"வாசிடி. இன்னைக்கு நல்ல சத்தமா வாசி. வந்தவங்க நம்ம வீட்டுப் பிள்ளை கெட்டிக்காரின்னு தெரிஞ்சுக்கட்டும்."

எனக்கு இரண்டாவது முறை சொல்லத் தேவையில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு ஹால் நிறைய ஆட்கள். அத்தை தேத்தண்ணித் தட்டத்தைத் தூக்குவதற்கு முன் துணி எடுக்கப் போனாள். பட்டுச்சேலையோடு துணி எடுக்கப் போகிறாளே என்றுகூட நான் யோசிக்கவில்லை. பஸ் வாசித்தேன். நொண்டி வாசித்தேன். இரண்டிரண்டாக வாசித்தேன். பிறகு எல்லாவற்றையும் விட வேகமாக, அடியிலிருந்து உச்சிக்கும் உச்சியிலிருந்து அடிக்கும், நாலாவதை இரண்டு தரமும் சுத்தமாகத் தொட்டு ஓடி முடித்தேன். ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. வழக்கமாக அங்கே நிற்காமல் மறுபடி ஏறுவேன். ஆனால் அன்று சபை இருந்தது. ஹோட்டலில் மாமா எப்படி முடிப்பாரோ அப்படி முடித்தேன். நாலு கம்பியையும் ஒரே வீச்சில் மீட்டி, உடனே உள்ளங்கையைக் கம்பிகள் மேல் வைத்து, கைதட்டலுக்காக நிறுத்தினேன்.

வீடு அப்படியே அடங்கியது. பரீட்சை வீட்டு அமைதி எப்படிப்பட்டது என்று முன்பே சொன்னேன். அந்த அமைதிக்குள், ஜன்னல் வழியாக நுழைந்து, பின் அறையைக் கடந்து, ஹாலில் இருந்த எல்லாருடைய காதுக்கும் அத்தையின் குரல் போனது. பேன்ஜோவை மீறிப் பேசிப் பழகிய குரல்.

"நாளைக்குன்னா சரிவராது. இன்னைக்கே வாங்க. இங்க உக்காந்திருக்கிறவரு தங்கமானவராவே இருக்கட்டும், எனக்கென்ன? நான் உங்களத்தான் கட்டிக்குவேன்."

ஹாலில் யாரோ தண்ணீர்க் கிளாசை மேசையில் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் பெரியவர்களுடைய விஷயம். மாத்தளைக்காரர்கள் மரியாதையாகவே எழுந்து போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் வாசலில் என் தலையைத் தடவி, "நல்லா வாசிக்கிறம்மா" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். பொழுது சாய்வதற்குள் ஒரு ஓட்டோ வந்து நின்றது. உயரமான ஒருவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இறங்கினார். அத்தையின் ஆஸ்பத்திரியில் ஆய்வுகூடத்தில் வேலை. சொந்த ஊர் யாழ்ப்பாணம். அப்பா அவரைக் கதிரையில் உட்காரச் சொன்னார், பிறகு பேப்பரை எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு அம்மா கேட்டாள்: "யாழ்ப்பாணத்து ஆளுங்க. தேயிலைக் கொழுந்து பறிச்சவங்க பரம்பரைன்னு நம்மள ஒரு பார்வை பார்ப்பாங்களே. இவ அங்க போயி எப்படி இருப்பா?" அத்தை சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். குசினிக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவினாள்.

எனக்கோ வேறு துக்கம். எனக்கிருந்த ஒரே ரசிகை நான் வாசித்த நேரமெல்லாம் வேறு ஒருவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். ஸ்கேலை யாரும் உட்கார்ந்து கேட்கமாட்டார்கள் என்பதற்காகத்தான் எனக்குப் பாட்டு மறுக்கப்பட்டிருக்கிறது. பாட்டு என்றால் அம்மா காது கொடுப்பாள், முடிந்ததும் வீடு அமைதியாகும். ஸ்கேலுக்கு முடிவும் இல்லை, கேட்பாரும் இல்லை. நான் அவர்களுக்கு ஒரு சுவர். பேன்ஜோவை நானே அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, அத்தை கூப்பிட்டும் திரும்பாமல், பின்னக் கணக்குச் செய்தேன்.

எத்தனை நாள் அப்படி இருந்தேனோ தெரியாது. ஒரு சாயங்காலம் வீட்டில் பெரியவர்கள் எல்லோரும் ஹாலில் தணிந்த குரலில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். மேசைக்கு அடியில் என் விரல்கள் தாமாக ஏறி இறங்கின. யாரும் வாசி என்று சொல்லவில்லை. கேட்க ஒருவரும் இல்லை என்பது இப்போது நன்றாகத் தெரியும். கதிரையைப் போட்டு ஏறி, பேன்ஜோவை எடுத்துக்கொண்டு பின் அறைக்குப் போய், அடியிலிருந்து ஏறினேன். நாலாவது இருந்த இடத்திலேயே இருந்தது. உச்சிக்குப் போனதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இது எனக்குப் பிடித்திருக்கிறது! யார் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, எனக்குப் பிடித்திருக்கிறது. வெகுநேரம் கழித்துத்தான், முதல் தாளம் இல்லாமல் தொடங்கியிருக்கிறேன் என்று உறைத்தது. முற்றத்துக்குப் போய்ப் பார்த்தேன். கீழ் வீட்டு ஜன்னல் விரியத் திறந்திருந்தது. மாத்தயா முழங்கையை ஊன்றிக்கொண்டு மேலே பார்த்து, "ஹரி, ஹரி, சரி, வாசி மகள்" என்றார்.

பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எடுத்துப் புலமைப்பரிசில் வாங்கினேன். ஸ்கேல் வாசித்தால் கணக்கு வரும் என்ற அத்தையின் கதை எங்கள் வீதியில் வேதவாக்காகிவிட்டது. இரண்டு அம்மாமார் பேன்ஜோ எங்கே வாங்கலாம் என்று கேட்டு வந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து, வாழைப்பழத்தோடு வந்தவருடைய அம்மாவும் வந்தார். எங்கள் அம்மா சுட்ட ரொட்டியைக் கேட்டு வாங்கி இரண்டாவதும் சாப்பிட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் கேள்வி கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி, கடைசியில் அப்பாவே பேப்பரைக் கீழே வைத்துவிட்டு நாள் பார்க்கச் சொன்னார்.

தை மாதம் டவுனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மாமாவின் குழு பூப்போட்ட சட்டைகளோடு கரையிலிருந்து வந்து இறங்கியது. சொன்ன சொல் தவறாமல் மாமா என்னைத் தனக்கும் கித்தார்க்காரருக்கும் நடுவில் நிறுத்தினார். எந்தப் பாட்டோடு சேர்ந்து வாசிப்பது என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது, மணவறையிலிருந்து மாப்பிள்ளை கையைக் காட்டினார்.

"பிள்ளை, பாட்டு வேண்டாம். அந்த ஏறி இறங்கிறதை வாசியுங்கோ. நாலாவது இப்ப வழுக்கிறேல்லத்தானே?"

சபை சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, தலை கிறுகிறுத்தது. நாலாவதைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும்? என் புகழ் பேராதனை வரை போயிருக்கிறது என்று முடிவு செய்துகொண்டேன். பேன்ஜோவைச் சரியாக மாட்டிக்கொண்டு தொடங்கினேன். ஒன்று, இரண்டு, மூன்று. கையை நகர்த்தினேன். நாலாவது மண்டபம் முழுக்க மணி மாதிரி விழுந்தது. அந்த இடத்தில், சரியாக அந்த இடத்தில், மணவறையில் இருந்த இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அத்தைக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது. கண் மை கரையாமல் விரல் நுனியால் ஒற்றி எடுத்தாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, குண்டசாலையில் அவர்கள் வீட்டுக் குசினியில், வெங்காயம் உரித்துக்கொண்டே அத்தை சொன்னாள். மழை விட்ட அந்தச் சாயங்காலம் அவள் படிக்கட்டில் நின்று, இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், போதும், இதோடு விட்டுவிடுவோம் என்று அவரிடம் சொல்லிவிட்டாளாம். ஆனால் போனை வைக்க இருவருக்கும் மனம் வரவில்லை. பேசாமல் நின்றபோதுதான் முதல்முறையாக இரண்டு பேரும் என்னை ஒழுங்காகக் கேட்டார்களாம். அந்த நேரம் பார்த்து, எத்தனையோ மாதமாக வழுக்கிக்கொண்டிருந்த நாலாவது சுத்தமாக விழுந்தது. அந்தப் பக்கம் அவர், "விழுந்திட்டுது!" என்று கத்தினாராம். இவள் அழுதுகொண்டே சிரித்துவிட்டாளாம். சிரித்த பிறகு, விட்டுவிடுவோம் என்று சொன்னதை மறுபடி சொல்ல அவளால் முடியவில்லை.

இதெல்லாம் மண்டபத்தில் நின்ற எனக்குத் தெரியாது. இவ்வளவு சுத்தமாக வந்த ஒரு சுரத்துக்குச் சிரிக்கிறார்களே என்று எனக்கு மகா கோபம். பிழை இருந்தால் காட்டட்டும் என்று மணவறையை முறைத்துக்கொண்டு, அடியிலிருந்து மறுபடி ஏறினேன். நாலாவதில் அவர்கள் மறுபடியும் சிரித்தார்கள். நான் மூன்றாவது தரமும் வாசித்தேன்.